சூரியனுக்குப் போட்ட பட்டை

வண்டியின் கூரையில் ஓட்டை போடுவது என்று முடிவான அன்று காலை மாதையன் சாப்பிடவில்லை. தட்டில் வைத்த களி ஆறிக் கெட்டியாகிக்கொண்டிருந்தது. கொள்ளுக் கடைசல்மேல் ஈ உட்கார்ந்தது. அவர் அதை ஓட்டக்கூட இல்லை.

"ஓடற வண்டிக்கு மேல யாராச்சும் பொத்தல் போடுவாங்களாடா? மழ பெஞ்சா உள்ள குந்திகிட்டுக் கொட புடிப்பியா?"

"மேல பேனலு, கீழ பேட்டரி. ஒயரு எறங்க வழி வேணாமாப்பா?" என்றான் மகன் குரு.

"சன்னல் வழியா வுடு."

"அப்புறம் சன்னல சாத்தவே முடியாதே."

"தொறந்தே கெடக்கட்டும். திருடன் வந்து எதத் தூக்கிட்டுப் போவப் போறான்? அவனும் பாத்துட்டு அழுதுட்டுத்தான் போவான்."

குரு பத்து வருஷமாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டியவன். பள்ளிக்கூடத்தார் புது வண்டி எடுத்ததும் பழைய வண்டியையும் பழைய டிரைவரையும் ஒரே நாளில் கழித்துவிட்டார்கள். அந்த வண்டியைக் குருவே எடுத்துக்கொண்டான். சீட்டுகளைக் கழற்றிவிட்டுப் பின்பக்கம் இரண்டு பேர் கால் நீட்டிப் படுக்கிற மாதிரி பலகை அடித்தான். பலகைக்கு அடியில் துணி மூட்டைகள், ஒரு மூலையில் சின்ன கேஸ் அடுப்பு, தண்ணீர்க் கேன். கதவோரம் வெளிச்சம் விழுகிற இடத்தில் அவன் பெண்டாட்டி கோகிலவாணியின் தையல் மெஷின். பாதி வீடு, பாதி கடை. மஞ்சள் பெயின்ட்டை மட்டும் அப்படியே விட்டுவிட்டான். ரோட்டில் போனால் பழக்க தோஷத்தில் பிள்ளைகள் இன்னும் கை காட்டி நிறுத்தினார்கள்.

யோசனை கோகிலவாணியுடையது. ஊரில் கோகிலா என்றால்தான் தெரியும். கல்யாணமாகி வந்ததிலிருந்து மிதித்து மிதித்து அவளுக்கு வலது முட்டி போய்விட்டது. தருமபுரி டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, மிதிக்கிற வேலையை விட்டுவிடச் சொன்னார். மெஷினுக்கு மோட்டார் மாட்டிக்கொள்ளலாம்தான். ஆனால் எங்கள் ஊரில் தெருவுக்கு ஒரு மெஷின் இருக்கிறது, தைக்கக் கொடுக்கத்தான் ஆள் இல்லை. ஆள் இருக்கிற இடம் சந்தை. மலைக்காட்டு ஊர்களிலிருந்து பொம்பளைகள் சந்தைக்குத் துணியும் கொண்டுவந்து, டெய்லரிடம் கொடுத்து, அடுத்த சந்தைக்கு வந்து வாங்கிப் போவார்கள். பாதி நாள் அப்போதும் தைத்து முடிந்திருக்காது.

"அவங்க தக்காளி வாங்கி, கருவாடு வாங்கி, பஸ்ஸுக்கு வர்றதுக்குள்ள நான் தச்சுக் கைல குடுத்துடுவனுங்க. வாரத்துல மூணு சந்த. ரெண்டு ராத்திரி வண்டியிலயே படுத்துக்கலாம். மீதி நாளு நம்ம வூட்ல," என்று அவள் குருவிடம் சொன்னபோது, அவன் அன்றைக்கே டேப்பை எடுத்துக்கொண்டு கூரையை அளக்க ஏறிவிட்டான். சந்தையில் கரண்ட்டுக்கு யாரிடம் போய் நிற்பது? அதற்குத்தான் சோலார்.

மாதையனுக்கு வேறு கணக்கு. பெங்களூரில் ஒரு துணிக் கம்பெனியில் மருமகளுக்கு வேலைக்குச் சொந்தக்காரர் மூலமாகப் பேசி வைத்திருந்தார். உட்கார்ந்து தைக்கிற வேலை, மோட்டார் மெஷின், தங்குவதற்கு ஆஸ்டல். மாசத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வரலாம். ஆயுத பூஜை முடிந்த மறுநாள் போன் பண்ணி வருகிறாளா இல்லையா என்று கேட்பதாகச் சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். கொடுத்திருந்த நம்பர் மாதையனுடையது.

"மாசம் பொறந்தா சம்பளம் வரும். அத வுட்டுட்டு சந்த சந்தையா அலைஞ்சு ரோட்ல படுத்து எந்திரிக்கிற பொழப்பு நம்ம வூட்டுக்கு எதுக்குமா?"

"ஒரு சந்த பாத்துடறன் மாமா. மெஷின் ஓடலன்னா நானே பொட்டியக் கட்டறன்," என்றாள் கோகிலா.

வாய்தான் அப்படிச் சொன்னது. ஐந்தாவது படிக்கிற மகள் இன்னும் அம்மாமேல் காலைப் போட்டுக்கொண்டுதான் தூங்குவாள். அந்தக் காலை எடுத்து வைத்துவிட்டுப் பெங்களூர் பஸ் ஏறுவதைக் கோகிலாவால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

பேனலை ஏற்றிய அன்று தெருவே வண்டியைச் சுற்றி நின்றது. கயிறு கட்டி மேலே இரண்டு பேர் இழுக்க, கீழே நாலு பேர் தாங்க, ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். "கண்ணாடிப்பா, பாத்து!" என்று குரு தொண்டை கிழியக் கத்தினான். பெண் பார்க்க வந்த வீட்டில் காபித் தட்டைப் பிடிக்கிற மாதிரி அத்தனை பேரும் மெல்லப் பிடித்தார்கள். தருமபுரியில் எலக்ட்ரீஷியனாக இருக்கிற குருவின் சிநேகிதன் இளம்பரிதி போனில் வழி சொன்னான். வண்டிக்குள் உட்கார்ந்து கன்ட்ரோலர் என்கிற சின்னப் பெட்டியில் ஒயரை மாட்டியது கோகிலா.

"மொதல்ல பேட்டரி ஒயரு. அப்புறந்தான் பேனல் ஒயரு. மாத்திடாதீங்க தங்கச்சி."

"மொதல்ல பேட்டரி, அப்புறம் பேனலு. மொதல்ல பேட்டரி, அப்புறம் பேனலு," என்று ஸ்லோகம் மாதிரி சொல்லிக்கொண்டே திருகினாள். செகப்பு செகப்போடு, கறுப்பு கறுப்போடு. கடைசித் திருகு இறுகியதும் பெட்டியில் குட்டிச் சூரியன் படம் ஒன்று எரிந்தது.

"ஏங்க! சூரியன் வந்துருச்சுங்க!"

சூரியன் காலையிலிருந்தே மண்டையைப் பிளந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் அப்போதுதான் உதித்த மாதிரி தெருவே கைதட்டியது. குரு ஃபேனைப் போட்டான். சுற்றியது. லைட்டைப் போட்டான். எரிந்தது. மாமியார் காசியம்மாள் உள்ளே ஏறி ஃபேனுக்கு நேராக முகத்தைக் காட்டிக்கொண்டு, "கரண்டாபீசுக்காரன் மொகத்துலயே முழிக்காம காத்தா!" என்று சிரித்தவர், எழுந்திருக்க மாட்டேன் என்றுவிட்டார். கோகிலா இன்வெர்ட்டரைப் போட்டு, மெஷினுக்குப் புதிதாக மாட்டிய மோட்டாரின் கால் சுவிட்சை லேசாகத் தொட்டாள். மெஷின் டர்ரென்று ஓடியது. மிதிக்க வேண்டியதில்லை, கால்விரல் நுனியால் அழுத்தினால் போதும். கையில் அகப்பட்ட பழைய துண்டில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு காரணமும் இல்லாமல் தையல் போட்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது. அவள் அதைத் துடைத்துக்கொள்ளவில்லை, தைத்துக்கொண்டே போனாள்.

அன்று சாயங்காலம் மழை அடித்துப் பெய்தது. எல்லோரும் வீட்டுக்குள் ஓடினார்கள். மாதையன் மட்டும் கோணிச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போய் வண்டிக்குள் ஏறினார். ஒயர் இறங்குகிற ஓட்டையைச் சுற்றிக் கையால் தடவிப் பார்த்தார். பசையை அப்பிக் குரு அடைத்திருந்தான். சொட்டுத் தண்ணீர் இல்லை. திரும்பி வந்தவர், "களி இருக்குதா?" என்றார். காசியம்மாள் மருமகளைப் பார்த்துக் கண்ணடித்தார்.

ஆயுத பூஜை அன்று காசியம்மாள் விடியற்காலையிலேயே ஒப்புட்டுப் போளிக்குப் பருப்பு வேகவைத்துவிட்டார். மெஷின், கத்தரிக்கோல், ஸ்பேனர், கடப்பாரை எல்லாம் கழுவிப் பொட்டு வைக்கப்பட்டு வரிசையாக உட்கார்ந்திருந்தன. வண்டிக்கு வாழைக்கன்று கட்டியாயிற்று. பூசணிக்காயில் குங்குமம் கொட்டி நிறுத்தியாயிற்று. அப்போது மாதையன் குளித்து ஈர வேட்டியோடு வந்து நின்று, "சந்தனம் எங்க?" என்றார்.

குரு தட்டை நீட்டினான். அவர் ஸ்டீயரிங்குக்கு வைத்தார், நாலு டயருக்கும் வைத்தார், கதவுக்கு வைத்தார். பிறகு பின்பக்க ஏணியில் கால் வைத்தார்.

"அப்பா, எங்க போறீங்க?"

"அல்லாத்துக்கும் வெச்சுட்டு சோறு போடற சாமிக்கு வெக்காம வுடுவாங்களாடா?"

மேலே ஏறி, பேனலின் கீழோரத்தில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை, நாலு விரலால் அள்ளி அள்ளி மூன்று பட்டை இழுத்தார். சிவன் கோயில் நந்திக்குக்கூட அவ்வளவு தடிமனாகப் போட்டதில்லை. நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் குங்குமம். மேலே ஒரு சாமந்தி மாலை. கும்பிட்டுவிட்டு அவர் இறங்கி வந்தபோது கோகிலா அவர் காலில் விழுந்தாள். ஓட்டை போட்ட வண்டியை மாமனார் ஏற்றுக்கொண்டார் என்பதே அவளுக்குப் பூஜை முடிந்த மாதிரி இருந்தது. எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் வண்டி முழுக்க சீரியல் செட் போட்டார்கள். தெருப்பிள்ளைகளின் சவுண்டு பாக்ஸும் அதிலேயே பாடியது. ஆளுக்கொரு போனைக் கொண்டுவந்து சார்ஜுக்குப் போட்டார்கள். மறுநாள் கிளம்பும்போது பேட்டரி அடிமட்டத்துக்கு வந்திருந்தது. "வெயில் ஏறுனா தானா ஏறிடும்," என்று குரு வண்டியை எடுத்தான். மாலை வாடிக் காற்றில் பறந்துவிட்டது. பக்கத்தில் மாதையன் துவைத்த துண்டோடு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். முதல் சந்தைக்கு வராமல் இருக்க அவரால் முடியவில்லை.

ஏரியூர்ச் சந்தையில் கடைக்காரர்கள் புளியமர நிழலுக்கு அடித்துக்கொண்டிருந்தபோது, குரு வண்டியை வெட்டவெளியில் கொண்டுபோய் நிறுத்தினான்.

"யோவ், உனக்கு என்ன கிறுக்கா? வெயில்ல போயி நிக்கற?" என்றார் பக்கத்தில் கருவாடு விற்கிறவர்.

"எங்க யாவாரமே வெயில்லதாங்க," என்றாள் கோகிலா. அவளுக்கு அன்று எதைச் சொன்னாலும் சிரிப்பு வந்தது.

முதலில் ஒருவர் பை ஜிப்பு தைத்துக்கொண்டார். ஒரு பையன் பேன்ட்டுக்குக் கீழ் மடித்துக்கொண்டான். தைக்கிற வேகத்தைப் பார்க்கவே கூட்டம் சேர்ந்தது. அப்போதுதான் சகாயமேரி என்கிறவள் வந்தாள். வேர்த்து விறுவிறுத்துப் போயிருந்தாள்.

"நாளைக்கு எம் பொண்ணப் பாக்க மாப்ள வூட்ல வராங்கம்மா. பாவி டெய்லரு, என் ஜாக்கெட்ட ரெண்டு பக்கமும் இறுக்கித் தச்சு வெச்சுருக்கான். போட்டா மூச்சு வாங்க முடியல. மத்தியானம் பஸ்ஸு. அதுக்குள்ள பண்ணித் தர முடியுமா?"

"நீங்க போயி காய் வாங்கிட்டு வாங்கக்கா. ரெடியா இருக்கும்."

இரண்டு பக்கமும் பிரித்தாள். ஒரு பக்கம் தைத்து முடித்தாள். மறுபக்கம் ஊசி இறங்கியபோது மெஷின் இழுத்து இழுத்து ஓடியது. இன்வெர்ட்டர் கீ கீ என்று கத்தி அடங்கியது. மெஷின் நின்றுவிட்டது.

"ஏங்க."

குரு எட்டிப் பார்த்தான். பெட்டியில் குட்டிச் சூரியன் எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் பேனலிலிருந்து வருகிற கரண்ட்டு பேருக்குக்கூட இல்லை. திருகுகளை இறுக்கினான். ஃப்யூஸைக் கழற்றி ஊதி மாட்டினான். வெயில் முதுகைப் பொசுக்கியது, பெட்டியில் நம்பர் ஏறவில்லை.

கோகிலா மெஷின் சக்கரத்தைக் கையால் சுற்றித் தைக்கப் பார்த்தாள். ஒரு கை சக்கரத்தில் இருந்தால் துணியைப் பிடிக்க ஒரு கைதான். தையல் பாம்பு மாதிரி நெளிந்தது. பிரித்தாள். மறுபடி சுற்றினாள். மெஷினில் மிதிக்கிற பலகையும் இல்லை, அதைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. சகாயமேரி காய்ப்பையோடு திரும்பி வந்து, பாதி ஜாக்கெட்டையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னம்மா இது? இருந்ததையும் பிரிச்சுப் போட்டுட்டியே!"

ஒரு சந்தை பார்த்துவிடுகிறேன் என்று சொன்ன வாய் கோகிலாவுடையதுதான். பெங்களூர் ஆஸ்டல் கண்முன்னே வந்து நின்றது. மாதையன் அவள் சக்கரம் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குரு இளம்பரிதிக்குப் போன் போட்டான்.

"நெழலு ஏதாச்சும் விழுதாடா?"

"நட்ட நடு வெட்டவெளிடா. காக்கா கூட இல்ல."

"மேல ஏறி ஒரு போட்டோ எடுத்து அனுப்பு."

அனுப்பினான். அடுத்த நிமிஷமே போன் வந்தது. அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம்தான் கேட்டது.

"டேய், சூரியனுக்கே பட்ட நாமம் போட்டுட்டீங்களேடா! பேனல்ல ஒவ்வொரு கட்டமும் கை கோத்துகிட்டு நிக்குது. கல்லு கை மாத்தற மாதிரி. நடுவுல ஒருத்தன் கையக் கட்டிகிட்டா கல்லு அங்கயே நின்னுடும்ல? ஒரு வரிசையே மூடிக் கெடக்குது. மொதல்ல அந்தச் சந்தனத்தத் தொடச்சு வுடு."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. மாதையன் முகம் செத்துப்போயிற்று.

"நீங்க எதுக்குப்பா அங்க போயி..." என்று ஆரம்பித்த குரு, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். ஈரத்துணியை எடுத்துக்கொண்டு ஏணியில் கால் வைத்தான். கருவாட்டுக்கடைக்காரர் பெண்டாட்டி பதறிவிட்டாள்.

"அய்யய்யோ, தம்பி! வெச்ச பொட்ட அழிக்கறதா? அதுவும் மொத யாவாரத்துல? வூட்ல பொம்பள இருக்கா, அவளுக்கு ஆவுமா?"

குருவின் கால் ஏணியிலேயே நின்றது. கூட்டத்தில் நாலு பேர் ஆமாம் என்றார்கள். பொட்டை அழிப்பது என்ற சொல் எங்கள் பக்கம் லேசான சொல் இல்லை. தாலியறுத்த வீட்டில்தான் அதைச் சொல்வார்கள். கோகிலா தன் நெற்றிப் பொட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பொட்டை அழித்தால் புருஷனுக்கு ஆகாது, அழிக்காவிட்டால் பெங்களூர். சகாயமேரி பஸ் வருகிற பக்கம் பார்த்தாள்.

"எறங்குடா," என்றார் மாதையன்.

அவரே ஏறினார். தண்ணீர்க் கேனை வாங்கி, காய்ந்து ஓடாகிக் கிடந்த சந்தனத்தின்மேல் தெளித்தார். அது ஊறும்வரை குந்தியிருந்தார். பிறகு துண்டைத் தோளிலேயே விட்டுவிட்டு, விரலால் வழித்து உள்ளங்கையில் சேர்த்தார்.

"யாரும் அழிக்கல. சாமி மேல இருந்தத எடுத்து இட்டுக்கறம். பிரசாதம்டா இது!" என்று மேலிருந்து கத்தினார். "குரு, உன் நெத்தியக் காட்டு!"

முதலில் மகனுக்கு இட்டார். கீழே இறங்கி மருமகளுக்கு இட்டார், மெஷினுக்கு ஒரு பொட்டு வைத்தார். அவ்வளவு சந்தனம் தீருமா? மறுபடி ஏறினார், வழித்தார், இறங்கினார். கருவாட்டுக்கடைக்காரர் நெற்றியை நீட்டினார். அவர் பெண்டாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டு வாங்கிக்கொண்டாள். கீரைக்காரி, பை ஜிப்பு தைத்தவர், வேடிக்கை பார்த்த பையன் எல்லோரும் வரிசையில் நின்றுவிட்டார்கள். சகாயமேரிக்கு முன்னால் வந்ததும் மாதையன் அவள் கழுத்துச் சிலுவையைப் பார்த்துத் தயங்கினார்.

"வையுங்கண்ணா. எங்களுக்கும் சாம்பல் புதனுக்கு நெத்தியில வெப்பாங்க. ஆனா சீக்கிரம் வையுங்க, பஸ்ஸு போயிடும்."

எல்லாம் வழித்தெடுத்த பிறகு துண்டை நனைத்துக் கண்ணாடியை நாலு தடவை துடைத்தார். பேனல் வெயிலில் பளீரென்றது.

"ஏறுதுங்க!" என்று உள்ளேயிருந்து கோகிலா கத்தினாள். "மூணு... அஞ்சு... ஏழு! ஏங்க, ஏழுங்க!"

அந்த ஏழு என்னவென்று கூட்டத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. ஆனாலும் சத்தம் போட்டார்கள். பேட்டரி கொஞ்சம் மூச்சு வாங்கட்டும் என்று இளம்பரிதி சொன்னபடி காத்திருந்தார்கள். அந்த நேரத்தில் கோகிலா ஜாக்கெட்டில் நெளிந்து கிடந்த தையலைப் பிரித்து, மடிப்பை நகத்தால் நீவி நேர் பண்ணி வைத்தாள். இன்வெர்ட்டரைப் போட்டாள். கத்தவில்லை. கால் சுவிட்சைத் தொட்டாள்.

டர்ரென்று ஓடியது.

தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது. "அண்ணா, அந்த பஸ்ஸ ரெண்டு நிமிசம் நிறுத்துங்க!" என்று சகாயமேரி யாரையோ பார்த்துக் கத்தினாள். நெற்றியில் சந்தனத்தோடு இரண்டு பேர் பஸ்ஸை மறிக்க ஓடினார்கள். கோகிலா தைத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்து, ஜாக்கெட்டை உதறி நீட்டினாள். சகாயமேரி அதை மார்போடு வைத்துப் பார்த்தாள், இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தாள்.

"அடுத்த சந்தைக்கும் இங்கயே நில்லு. எங்கூர்ல பூராத்துக்கும் சொல்றன்," என்று ஓடிப் போய் ஏறிக்கொண்டாள்.

அவள் நின்ற இடத்தில் கீரைக்காரி பாவாடையை நீட்டினாள். அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் நின்றார்கள். கோகிலா நிமிரவில்லை. கால் சுவிட்சிலும் கை துணியிலும் இருக்க, இரைச்சலுக்கு நடுவில் அவள் ஏதோ முணுமுணுத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். குரு வாசலில் நின்று துணிக்குச் சொந்தக்காரர் பேரையெல்லாம் கேட்டு மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் மாதையன் இடுப்பில் போன் அடித்தது. சந்தனக் கையோடு எடுத்துக் காதில் வைத்தார்.

"அலோ... ஆமாங்க, மாதையந்தான். சொல்லுங்க சார்."

குரு சட்டென்று திரும்பினான். வண்டிக்குள் மெஷின் நின்றது. கோகிலா ஊசியில் துணியோடு மாமனாரைப் பார்த்தாள். அவர் இவளைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

"நீ ஏம்மா நிறுத்தற? தையி, தையி."

மெஷின் மறுபடி ஓடியது.

"கோகிலாங்களா? அது வேலைக்குப் போயிருச்சுங்களே... ஆமாங்க, இன்னிக்கித்தான் சேந்துச்சு... எந்தக் கம்பெனிங்களா?"

மாதையன் வண்டிப் படியில் ஒரு கால் வைத்து, போனைக் காதிலிருந்து எடுத்து, ஓடுகிற மெஷினுக்குப் பக்கத்தில் நீட்டிப் பிடித்தார்.

"சத்தம் கேக்குதுங்களா சார்?"